ஒரு செம்மஞ்சள் வேட்டைப் பை

அத்தியாயம் ஒன்பது

முதல் குத்து நிசாந்தனின் மூக்கில் விழுந்தது. இரண்டாவதும் அதே இடத்தில் விழுந்தபோது, அடிக்கிறவன் தொழில் தெரிந்தவன் என்பது அவனுக்கு விளங்கியது.

பட்டப்பகல். ஸ்காபரோ, மார்க்கம் வீதியில் ஒரு பிளாசா. முன்பக்கம் சனம் மீனும் முருங்கைக்காயும் வாங்கிக்கொண்டு நின்றது. பின்பக்கம், குப்பைத் தொட்டிகளுக்கு நடுவே, கையில் இறைச்சி ரோல்ஸ் பெட்டியோடு நிசாந்தன் அடி வாங்கிக்கொண்டு நின்றான். அடித்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் தடியன். மற்றவன் மெலிந்தவன், கையில் பேஸ்போல் மட்டை.

"மான் கதையை விடு," என்றான் தடியன். "விடாட்டி உன்னைச் சுடக் காடு தேவையில்லை. இந்தப் பார்க்கிங் காணும்."

"அண்ணை, அடிக்கிறதெண்டால் அடியுங்கோ. ரோல்ஸை மட்டும் மிதியாதேங்கோ."

மட்டை அவன் விலாவில் இறங்கியது. மூச்சு நின்று திரும்பி வந்தது. பத்து வருஷம் இழுவை லொறி ஓட்டியவன் நிசாந்தன். இரும்புக் கொக்கியோடு பழகிய கை. பெட்டியைத் தடியனின் முகத்தில் எறிந்துவிட்டு, முழங்காலை அவன் அடிவயிற்றில் ஏற்றினான். தடியன் குனிந்த கணத்தில் அவன் தலையைப் பிடித்துக் குப்பைத் தொட்டியின் விளிம்பில் மோதினான். ஒரு பல் தெறித்துத் தார் மேல் விழுந்தது. மெலிந்தவன் மட்டையை மறுபடி ஓங்கினான்.

அப்போது பின்னால் ஒரு கொரோலா உறுமியது. கிளடிஸ் அக்கா பின்னே பார்க்காமல் கார் எடுப்பவர் என்று நிசாந்தன் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன். இன்று அக்கா வடிவாகப் பார்த்துத்தான் எடுத்தார். காரின் பின்பக்கம் மெலிந்தவனின் தொடையில் மோதியது. எலும்பு முறிந்த சத்தம் நிசாந்தனுக்கே கேட்டது. தடியன் எழும்பி, அலறுகிறவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு கறுப்பு வான் வண்டியை நோக்கி ஓடினான்.

கண்ணாடி இறங்கியது.

"ஏறு," என்றார் கிளடிஸ். "சீற்றிலை ரத்தம் படாமல் இரு."

கிளடிஸுக்கு ஐம்பத்துச் சொச்சம் வயது. முன்பு காப்புறுதி நிறுவனம் ஒன்றுக்காகப் பொய் விபத்துகளை மோப்பம் பிடித்தவர். இப்போது சொந்தமாகத் துப்பறிகிறார். அவருக்கு உதவியாள் நிசாந்தன். உதவி பாதி, வாய் மீதி.

"மான் கதையை விடட்டாம்," என்றான் நிசாந்தன், மூக்கைக் கைலேஞ்சியால் பொத்தியபடி.

"நேற்று அந்தக் கதையை நாங்கள் ஆரோடை கதைச்சனாங்கள்?"

"கௌசியோடை. பிறகு போனிலை சீமோன் அண்ணையோடை."

"கௌசி அடியாள் வைச்சிருக்கிறாளோ?"

"அவளுக்கு அழவே நேரம் காணாது, அக்கா."

"அப்ப பிக்கரிங்குக்குப் போவம்," என்று கிளடிஸ் காரை நெடுஞ்சாலைப் பக்கம் திருப்பினார்.

கதை இதுதான். போன நவம்பரில் மூன்று பேர் பீற்றர்பரோவுக்கு அப்பால் உள்ள காட்டுக்கு மான் வேட்டைக்குப் போனார்கள். இராஜரட்ணம், அவருடைய மருமகன் கீதன், பிக்கரிங்கில் வேட்டைச் சாமான் கடை வைத்திருக்கும் சீமோன். பற்றைக்குள் மண்ணிறமாக ஏதோ அசைய, கீதன் சுட்டான். சற்று நேரத்தில் சீமோனின் கூக்குரல் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் மாமனார் குப்புறக் கிடந்தார். கழுத்தைத் துளைத்துத் துப்பாக்கிச் சன்னம் போயிருந்தது. போனது போனதுதான், பொலிஸ் தேடியும் அகப்படவில்லை. காட்டில் ஒருவரை ஒருவர் மானென்று நினைக்காமலிருக்க எல்லாரும் செம்மஞ்சள் வெஸ்ற், கையில்லாத மேற்சட்டை, போட வேண்டும். அவரும் போட்டுத்தான் இருந்தார். ஆனால் முதுகில் கிடந்த மண்ணிறப் பை அதை முழுதாக மூடியிருந்தது. கீதன் யாரோடும் வாதாடவில்லை. "நான்தான்," என்றான். இன்று பின்னேரம் பீற்றர்பரோ நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிறான்.

அவன் மனைவி கௌசி, இராஜரட்ணத்தின் ஒரே மகள். விட்பியில் அவர்கள் வாங்கிய புது வீட்டில் அவள் மேலே படுக்கிறாள், அவன் கராஜில் படுக்கிறான். நேற்று அவள் கிளடிஸிடம் வந்தது புருஷனைக் காப்பாற்ற அல்ல. "அவர் தெரிஞ்சு செய்தவரோ, தெரியாமல் செய்தவரோ? அது தெரியாமல் என்னாலை இருக்கேலாது, அக்கா," என்று கேட்டு அழுதாள். அந்த அழுகையைப் பார்த்த பிறகு நிசாந்தனுக்கு இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. அவனுக்கு அப்படி நடப்பது அபூர்வம்.

"அவள் சொன்னதிலை ரெண்டு விஷயம் எனக்கு உறுத்துது," என்றார் கிளடிஸ். "ஒண்டு, அப்பான்ரை நெஞ்சிலை பேஸ்மேக்கர் இருந்தது. அதுக்கு மேலை ஒரு வார் படவும் விடமாட்டார். கார் பெல்ட்டையே கையாலை இழுத்துப் பிடிச்சுக்கொண்டு இருப்பாராம். ஆனால் பொலிஸ் எடுத்த படத்திலை, பையின்ரை நெஞ்சு வார் இறுக்கமாக் கொழுவிக் கிடக்குது."

"ரெண்டாவது?"

"அப்பா போனிலை அவளுக்குச் சொன்னது, தான் ஒறேஞ்ச் பை வாங்கினதெண்டு. சீமோன் பொலிசுக்குச் சொன்னது, அந்த மனிசனுக்குத் தான் பிரவுண் பைதான் வித்தது, ஒறேஞ்ச் பை விக்கவே இல்லையெண்டு. பிள்ளை அப்பாவோடை இல்லாமல் விட்பியிலை இருந்தவள். பையைக் கண்ணாலை காணேல்லை. கீதனும் விடியமுதல் இருட்டுக்குள்ளை முன்னாலை போனவன், மாமான்ரை முதுகைப் பாக்கேல்லை. அதாலை அவள் சொல் எடுபடேல்லை."

"மூண்டாவதும் இருக்கு. ஆயுத பூசை."

"ஓம். சுத்தியல், லப்டொப், தேங்காய் துருவி, எல்லாத்துக்கும் அடியிலை மூண்டு மஞ்சள் பொட்டு வைக்கிற மனிசன். ஒக்ரோபரிலை வாங்கின பையை மட்டும் விட்டிருப்பாரோ? பொலிசிலை இருக்கிற பிரவுண் பையின்ரை அடியிலை ஒரு பொட்டும் இல்லை."

"அப்ப அந்த ஒறேஞ்ச் பை எங்கை?"

"சீமோன் ஒரு பொருளையும் வீணாக்காத கடைக்காரன்," என்றார் கிளடிஸ். "போய்ப் பாப்பம். உனக்கு ஒரு வேட்டைப் பை வேணும். விளங்கிச்சோ?"

வழியில் ஒரு பெரிய கோப்பி வாங்கினார். நிசாந்தனுக்கு வாங்கவில்லை.

சீமோனின் கடையில் கதவுக்கு நேரே ஒரு கலைமான் தலை சுவரிலிருந்து எட்டிப் பார்த்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் தோல் உரிக்கும் கத்திகள். இடப்பக்கச் சுவர் முழுவதும் முதுகுப் பைகள் தொங்கின. சீமோன் கல்லாவுக்குப் பின்னால் நின்றார். அகன்ற தோள், லோண்ட்றி மடிப்புக் கலையாத வெள்ளைச் சேட்டு. நிசாந்தனின் மூக்கைக் கண்டதும் அவர் முகத்தில் ஒரு கேள்வி வரவில்லை. நிசாந்தன் அதைக் கவனித்தான்.

"கேஸை விட்டாச்சு, அண்ணை," என்றார் கிளடிஸ். "கீதன் இண்டைக்கு ஒப்புக்கொள்ளுறான். இனி நாங்கள் என்ன கிண்டுறது? இவன் வான்கோழி வேட்டைக்கு லைசென்ஸ் எடுத்திருக்கிறான். ஒரு பை பாத்துக் குடுங்கோ."

"மனிசரோடை எனக்குச் சரிவரேல்லை," என்றான் நிசாந்தன், மூக்கைத் தொட்டுக் காட்டி. "வான்கோழியோடை ஒருக்காப் பாப்பம்."

சீமோனின் தோள்கள் தளர்ந்தன. கிலி போன இடத்தில் வியாபாரி வந்து உட்கார்ந்தான்.

"ஒரு நாள் போய் வாறதுதானே? பெரிசா எடாதை. தண்ணி, சாப்பாடு, கத்தி, கயிறு, மழைச் சட்டை. அவ்வளவுக்கும் இந்த அளவு காணும். துணியைக் கையாலை தேய்ச்சுப் பார். சரசரக்கிற துணியெண்டால் மிருகம் ஒரு மைலுக்கு அங்காலை ஓடும். இடுப்புப் பட்டி கட்டாயம் இருக்க வேணும், இல்லாட்டிப் பாரம் முழுக்கத் தோளிலை."

"நிறம்?" என்று கேட்டார் கிளடிஸ்.

"மான் சீசனெண்டால் நிறம்தான் முதல், அன்ரி. முதுகிலை பை ஏறினால் உள்ளை போட்ட வெஸ்ற் மறைஞ்சு போகும். பின்னாலை நிக்கிறவனுக்கு நீ மானோ மனிசனோ எண்டு தெரியாது."

வயதில் தன்னை ஒத்தவர் தன்னை அன்ரி என்றதைக் கிளடிஸ் மன்னித்துவிட்டார். மற்றதை மன்னிக்கவில்லை.

"அப்ப இராஜரட்ணம் அண்ணைக்கு ஏன் பிரவுண் குடுத்தனீங்கள்?"

சீமோன் சேட்டின் கையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"நூறு தரம் சொன்னனான்," என்றார் சீமோன். "கேக்கேல்லை. அவற்றை விதி."

அவர் சட்டென்று திரும்பி, மூலையில் கொழுவியிருந்த ஒரு செம்மஞ்சள் பையை எடுத்தார். மற்றப் பைகளிலெல்லாம் விலைச்சீட்டு ஆடிக்கொண்டிருந்தது. இதில் இல்லை. கடைக்கு வருகிறவர்களுக்குப் போட்டுக் காட்ட வைத்திருக்கும் பை அது. உள்ளே இரண்டு மணல் மூட்டைகளை இறக்கினார்.

"பாரம் வைச்சுப் பாத்தால்தான் பொருத்தம் தெரியும். கையை விடு."

நிசாந்தன் கைகளை விட்டான். அடிபட்ட விலாவில் பை வந்து இடித்தபோது கண்ணில் நீர் வந்தது. சீமோனின் விரல்கள் கடகடவென்று ஓடின. இடுப்புப் பட்டி, தோள் வார். பிறகு, யாரும் கேட்காமலே, நெஞ்சு வாரை இழுத்து 'டக்'கென்று கொழுவி, இறுக்கி, மேலே ஒரு தட்டுத் தட்டினார். ஆயிரம் முதுகுகளில் பை ஏற்றிய கை. யார் முதுகு என்று அது பார்ப்பதில்லை, உயிர் இருக்கிறதா என்றும் பார்ப்பதில்லை. நிசாந்தனுக்கு அந்தப் பொலிஸ் படம் நினைவுக்கு வந்தது. கிளடிஸைப் பார்த்தான். கிளடிஸ் கோப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"திரும்பு, பாப்பம்," என்றார். நிசாந்தன் திரும்பினான். கோப்பி முழுவதும் பையின் அடிப்பக்கத்தில் கொட்டியது.

"ஐயையோ! என்ரை கை இருக்கே! பொறுங்கோ அண்ணை, நானே கழுவி விடுறன்."

"வேண்டாம், விடுங்கோ," என்று சீமோன் சொல்வதற்குள் கிளடிஸ் பின்னாலிருந்த கழிப்பறைக்குள் போய் ஈரக் கடதாசியோடும் சவர்க்காரக் கட்டியோடும் வந்துவிட்டார். குனிந்து பையின் அடியைத் துடைத்தார். கோப்பி போனது. பிறகு சவர்க்காரத்தை அழுத்தித் தேய்த்தார்.

பின்னால் ஒரு ஆளுயரக் கண்ணாடி. நிசாந்தன் உடம்பைச் சற்றே சாய்த்துத் தோளுக்கு மேலால் பார்த்தான். வெறும் செம்மஞ்சளாக இருந்த இடத்தில், நுரைக்கு நடுவே, ஒன்று சிவந்தது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு மூன்றாவது.

சீமோனும் பார்த்தார். அவர் முகத்திலிருந்து ரத்தம் இறங்கிப் போனது. அவர் தன்னை மறந்து கத்தினார்.

"போகேல்லையே... இன்னும் போகேல்லையே! எத்தினை தரம் தோய்ச்சனான்! கழுவக் கழுவச் சிவக்குதே!"

"என்னத்தைக் கழுவினனீங்கள், அண்ணை?" என்று கிளடிஸ் மிக மென்மையாகக் கேட்டார்.

தான் என்ன சொன்னோம் என்பது சீமோனுக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் பாய்ந்தது கதவை நோக்கி அல்ல. சுவரிலிருந்த ஒரு மண்ணிறப் பையைப் பிடுங்கி, முதுகுப்பக்கத்து மெத்தையைக் கிழித்தார். உள்ளே பஞ்சு இருக்க வேண்டிய இடத்திலிருந்து ஒரு கைத்துப்பாக்கி வந்தது.

முதல் வெடியில் கலைமானின் கண் சிதறியது. இரண்டாவது கிளடிஸின் மேற்கையைக் கீறிக்கொண்டு போய்க் கத்திப் பெட்டியை உடைத்தது. கண்ணாடி மழையாகக் கொட்ட, அக்கா கல்லாவின் அடியில் விழுந்தார். சீமோன் கல்லாவைச் சுற்றி அவரை நோக்கிப் போனார்.

நிசாந்தனுக்குத் துணிச்சல் வந்தது என்று சொல்வது பொய். அவனுக்குக் கோபம் வந்தது. குறுக்கே ஓடிப்போய்க் கிளடிஸை மறைத்துக் குனிந்தான். மூன்றாவது வெடி அவன் முதுகில் அடித்தது. மாடு முட்டியதுபோல் முன்னே தள்ளப்பட்டு முகம் குப்புற விழுந்தான். உடைந்த மூக்கு மறுபடி உடைந்தது. செத்துவிட்டேன் என்றுதான் நினைத்தான். பிறகு கழுத்தில் ஏதோ பொலபொலவென்று வழிய, கையால் தொட்டுப் பார்த்தான். மணல்.

நெஞ்சு வாரையும் இடுப்புப் பட்டியையும் கழற்றினான். பையைத் தோள் வாரில் பிடித்துக்கொண்டு எழும்பினான். சீமோன் நான்காவது வெடிக்குக் குறி பார்க்கும்போது, இழுவைக் கொக்கியை வீசுகிற மாதிரி அரைவட்டமாக வீசினான். இரண்டு மூட்டை மணலும் சீமோனின் தாடையில் இறங்கின. தாடை ஒரு பக்கம் போனது, துப்பாக்கி மறுபக்கம் போனது. நிசாந்தன் நிறுத்தவில்லை. இரண்டாவது வீச்சு விலாவில். "இது என்ரை விலாவுக்கு!" மூன்றாவது முழங்காலில். வெள்ளைச் சேட்டு முழுவதும் சிவந்துபோனது. நான்காவதுக்கு ஓங்கியபோது கிளடிஸ் அவன் கையைப் பிடித்தார்.

"காணும் தம்பி. வாய் வேணும், அவன் கதைக்க வேணும்."

அக்காவின் கையிலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் அதைச் சட்டை செய்யாமல் சீமோனின் மணிக்கட்டில் சப்பாத்துக் காலை வைத்து ஏறி நின்றார். நிசாந்தனின் பொக்கற்றில் இருந்த போன், கடைக்குள் நுழைந்ததிலிருந்து எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டிருந்தது.

"சொல்லு."

சீமோன் ரத்தத்தைத் துப்பினார். வார்த்தைகள் உடைந்து உடைந்து வந்தன.

"அந்த மனிசன்... முதுகு உறுத்துதெண்டு என்ரை பையை வாங்கிப் போட்டுப் பாத்தது. மெத்தைக்குள்ளை கையை விட்டிட்டுது. அமெரிக்காவிலை இருந்து கள்ளமா வாற துவக்குகள் பைக்குள்ளைதான் வாறது. கண்டிட்டுது. திரும்பி வந்து பொலிசுக்குச் சொல்லுவன் எண்டது."

"பிறகு?"

"கீதன் மான் பாத்துக்கொண்டு நிண்டவன். அவன் சுடுமட்டும் பொறுத்தன். அந்தச் சத்தத்துக்குள்ளை... பின்னாலை நிண்டு, கழுத்திலை. ரெண்டு பேரின்ரை துவக்கும் ஒரே மாதிரி, என்ரை கடையிலை வாங்கினது."

"செத்த மனிசனிலை இருந்து ஒறேஞ்ச் பையைக் கழட்டி, வெறுமையாக்கின உன்ரை பிரவுண் பையைப் போட்டு, நெஞ்சு வாரையும் கொழுவி விட்டாய்."

"அது... கை தானாச் செய்தது."

"பையை ஏன் எரிக்கேல்லை?"

நிசாந்தன் சொன்னான்: "புதுப் பை, அக்கா. மனம் வந்திருக்காது."

சீமோனின் கண் தரையில் கிடந்த பையையே பார்த்துக்கொண்டிருந்தது. "அவற்றை ரத்தம்," என்றார். "காய்ஞ்சால் ஒளிக்குது, நனைச்சால் வருது."

"ரத்தம் எப்பவோ போயிட்டுது," என்றார் கிளடிஸ். "இது பூசைக்கு வைச்ச மஞ்சள். மஞ்சள் கறையிலை சவர்க்காரம் பட்டால் சிவக்கும். ஒரு நாள் கறி பட்ட ஒரு சேட்டை நீயே தோய்ச்சிருந்தால் உனக்கும் தெரிஞ்சிருக்கும்."

சீமோன் கண்களை மூடிக்கொண்டார். தூரத்தில் பொலிஸ் காரின் ஊளை கேட்கத் தொடங்கியது. வெடிச் சத்தம் கேட்டுப் பக்கத்துக் கடைக்காரர் யாரோ அழைத்திருக்க வேண்டும்.

கிளடிஸ் நல்ல கையால் தன் போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டுக் கௌசியை அழைத்தார். மணி அடித்துக்கொண்டே போனது. நீதிமன்றத்துக்குள் போய்விட்டார்களோ என்று நிசாந்தன் நினைத்தான். கடைசியில் கௌசியின் குரல் வந்தது, கிசுகிசுப்பாக.

"அக்கா, கூப்பிடப் போறாங்கள். வாசல்லை நிக்கிறம்."

"கீதனை ஒரு சொல்லும் சொல்ல விடாதை. லோயரைக் கூப்பிட்டு நிப்பாட்டு. உன்ரை மனிசன் அப்பாவைச் சுடேல்லை. சுட்டவன் என்ரை காலுக்குக் கீழை கிடக்கிறான்."

மறுமுனையில் அவள் யாருக்கோ அதை அப்படியே திருப்பிச் சொன்னாள், ஒவ்வொரு சொல்லாக. அதற்குப் பிறகு வந்த சத்தத்தை நிசாந்தன் முதலில் சிரிப்பு என்று நினைத்தான். அது ஒரு ஆண்பிள்ளை அழுகிற சத்தம். மனிதர்கள் நிறைந்த ஒரு மண்டபத்தில், வெட்கம் மானம் எல்லாம் விட்டு, நெஞ்சைப் பிளந்துகொண்டு அவன் அழுதான்.

"அக்கா," என்றாள் கௌசி. "ஆறு மாசம். ஆறு மாசமா நான் இவரோடை ஒரு சொல் கதைக்கேல்லை. முகத்தைப் பாக்கேல்லை. இப்ப நான் என்னத்தைச் சொல்லித் தொடங்கிறது?"

கிளடிஸ் உடைந்த கண்ணாடிகளுக்கு நடுவே, ரத்தம் வழியும் கையோடு நின்றார். எதற்கும் கலங்காத அக்காவின் கண் கலங்கியதை நிசாந்தன் அன்றுதான் கண்டான்.

"சாப்பிட்டதோ எண்டு கேள், பிள்ளை."

போன் வைக்கப்படவில்லை. அழுகைச் சத்தத்துக்கு நடுவே, போனிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு, கௌசி தன் புருஷனிடம் கேட்டது அவர்களுக்குத் தெளிவாகக் கேட்டது.

"காலமை ஏதும் சாப்பிட்டனீங்களோ?"